பழைய பிக்கப் வண்டிக்குப் பவர் ஸ்டியரிங்: பொருத்துமுன் அறிய வேண்டுவன

நம் சங்க அங்கத்தினர்களுள் நெசவாளரும் உண்டு. பயிர்த்தொழில் புரிவோரும் உண்டு. தொழில் இரண்டாயினும் இருவருக்கும் பொதுவான துணை ஒன்று இருக்கின்றது. அதுவே சரக்கு வண்டி. நூல் மூட்டைகளும் பாவு உருளைகளும் தறிக்குப் போவதும் அதிலே. லுங்கிப் பொதிகள் வியாபாரியிடம் சேர்வதும் அதிலே. கத்தரியும் வெண்டையும் பூக்கூடைகளும் விடியுமுன் கோயம்பேட்டை அடைவதும் அதிலே. வண்டி ஒரு நாள் நின்றால் தறியும் நிற்கும். பறித்த பூவும் வாடும். ஆகவே வண்டியைப் பற்றி நம் பத்திரிகையில் எழுதுவது விதை நெல்லைப் பற்றியும் சாயத்தைப் பற்றியும் எழுதுவதைப் போலவே நம் கடமை எனக் கருதுகின்றோம்.

திருத்தணி வட்டாரத்தில் பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைத்த பிக்கப் வண்டிகள் பல இன்றும் ஓடுகின்றன. எஞ்சின் நன்றாக இருக்கின்றது. பின்தட்டும் உறுதியாக இருக்கின்றது. ஆனால் ஸ்டியரிங் மட்டும் கனம். சரக்கு ஏற்றிக்கொண்டு கடைத்தெருச் சந்துகளில் திருப்பும்போதும், மலைப்பாதை வளைவுகளில் மெதுவாக ஏறும்போதும் ஓட்டுநரின் தோளும் முதுகும் நொந்து போகின்றன. இவ்வண்டிகளுக்குப் பவர் ஸ்டியரிங் பொருத்தலாமா, பொருத்தினால் நலமா, செலவுக்குத் தகுந்த பயன் உண்டா என்று அங்கத்தினர் சிலர் நம்மைக் கேட்டனர். அவர்களுக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

இந்த வசதி எப்படிப் பிறந்தது?

பவர் ஸ்டியரிங் என்பது செல்வர்களின் காருக்காகத் தோன்றிய ஆடம்பரம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. அமெரிக்காவில் பியர்ஸ்-ஆரோ என்னும் கம்பெனியின் லாரிப் பிரிவில் பிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியியலாளர் வேலை செய்து வந்தார். கனமான லாரிகளைத் திருப்புவதற்கு ஓட்டுநர்கள் படும் பாட்டை அவர் அங்கேதான் கண்டார். வேலையை விட்டு விலகிச் சொந்தப் பட்டறையில் ஆராய்ந்து, எண்ணெயின் அழுத்தத்தால் சக்கரத்தைத் திருப்பும் முறையை உருவாக்கி, 1926-ஆம் ஆண்டில் ஒரு வண்டியில் பொருத்தி ஓட்டிக் காட்டினார்.

ஆயினும் அது உடனே பரவவில்லை. செலவு அதிகம் என்று கார்க் கம்பெனிகள் தயங்கின. இரண்டாம் உலகப் போரின்போது கனமான இராணுவ வண்டிகளுக்கு அது பயன்பட்டது. 1951-இல் கிரைஸ்லர் கம்பெனியார் தமது இம்பீரியல் காரில் அதனை அமைத்து விற்ற பின்னரே பொதுமக்களிடம் வந்தது. ஒரு நல்ல கருவி தோன்றி, கடைக்கு வந்து சேர 25 ஆண்டுகள் ஆயின.

நம் நாட்டில் சிறு சரக்கு வண்டிகள் நெடுங்காலம் கைவலுவால் திருப்பும் ஸ்டியரிங்குடனேயே வந்தன. 1986-இல் டாட்டா 407 வந்தது. 1988-இல் டாட்டாமொபைல் பிக்கப் வந்தது. மகிந்திரா கம்பெனியாரின் பிக்கப் வண்டிகளும் பெருகின. இவ்வரிசைகளில் பிற்காலத்து மாதிரிகள் பலவற்றில் பவர் ஸ்டியரிங் அமைந்தது. சென்னையில் 1929-இல் வணிக நிறுவனமாகத் தொடங்கிய ரானே குழுமம் பின்னர் ஸ்டியரிங் உறுப்புக்கள் செய்வதில் பெயர் பெற்றது. எனவே நமக்கு வேண்டிய பொருள் கடல் கடந்து வர வேண்டியதில்லை. நம் மாநிலத்திலேயே செய்யப்படுகின்றது.

தேரும் முட்டுக்கட்டையும்

பவர் ஸ்டியரிங் வேலை செய்யும் விதத்தை விளக்கத் தேர்த் திருவிழாவைவிட நல்ல உவமை நமக்குக் கிடைக்கவில்லை. தேர் ஓடுவது வடம் பிடிக்கும் நூற்றுக்கணக்கானோர் பலத்தால். ஆனால் தேர் எப்பக்கம் திரும்ப வேண்டும் என்பதை முடிவு செய்பவர் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இடும் ஒருவரே. பலம் ஊராருடையது, திசை அவருடையது. பவர் ஸ்டியரிங்கிலும் இதுவே முறை. ஓட்டுநரின் கை திசையைச் சொல்லும். எண்ணெய் பலத்தைத் தரும்.

எஞ்சினோடு பெல்ட்டால் இணைந்த ஒரு பம்ப் இடைவிடாது எண்ணெயைச் சுழற்றிக்கொண்டிருக்கும். ஸ்டியரிங் பெட்டிக்குள் மெல்லிய முறுக்குக் கம்பி ஒன்று உண்டு. ஓட்டுநர் சக்கரத்தைத் திருப்பியதும், தரையில் அழுந்திய டயர் எதிர்ப்பதால், அக்கம்பி இம்மியளவு முறுக்கிக்கொள்ளும். அந்தச் சிறு முறுக்கு ஒரு வால்வைத் திறக்கும். திறந்த வழியே எண்ணெய் பாய்ந்து, பெட்டிக்குள் இருக்கும் பிஸ்டனின் ஒரு பக்கத்தைத் தள்ளும். பிஸ்டன் டிராப் ஆர்மைத் திருப்பும். டிராப் ஆர்ம் டிராக் லிங்க் என்னும் கம்பியை இழுக்க, சக்கரம் திரும்பும். ஓட்டுநர் கையை நிறுத்தியதும் முறுக்கு நீங்கும், வால்வு நடுநிலைக்கு வரும், உதவியும் நின்றுவிடும்.

அப்பலம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் பார்ப்போம். எண்ணெயின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோ என்றும், பிஸ்டனின் பரப்பு 30 சதுர சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், தள்ளும் விசை 2,100 கிலோ ஆகின்றது. ஒரு கார் டயரின் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு, மூன்று கிலோவுக்குள் அடங்கும் என்பதை நினைத்தால் இதன் வேகம் விளங்கும். இந்த ஒரு கணக்கை மறவாதிருந்தால், கீழே நாம் கூறும் எச்சரிக்கைகள் யாவும் தாமே புரியும். இவ்வளவு விசை, வண்டியில் உள்ள ஒவ்வொரு போல்ட்டின் மேலும் ஒவ்வொரு குழாயின் மேலும் விழுகின்றது.

முதலில் நோயை அறிக

ஸ்டியரிங் கனமாக இருப்பதெல்லாம் பவர் ஸ்டியரிங் இல்லாத குறை அன்று. பல வண்டிகளில் அது பராமரிப்பு இல்லாத குறையே. இதனைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் அச்சை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின் மேல் வையுங்கள். இரு முன்சக்கரங்களும் தரையைத் தொடாத நிலையில் ஸ்டியரிங்கை இப்பக்கமும் அப்பக்கமும் முழுதும் திருப்பிப் பாருங்கள்.

அந்தரத்திலும் கனமாக இருந்தால் குற்றம் உள்ளே இருக்கின்றது. கிங்பின் கிரீஸ் இன்றி இறுகியிருக்கலாம். அதன் கீழே பாரம் தாங்கும் பேரிங் தேய்ந்திருக்கலாம். பால் ஜாயிண்டுகள் துருப்பிடித்திருக்கலாம். ஸ்டியரிங் பெட்டியில் எண்ணெய் வற்றியிருக்கலாம். அந்தரத்தில் இலகுவாகவும் தரையில் கனமாகவும் இருந்தால் டயரைப் பாருங்கள். காற்றுக் குறைவு, கம்பெனி குறித்த அளவைவிட அகலமான டயர், சக்கரங்களின் நேர்மை கெட்டிருத்தல் ஆகிய மூன்றும் ஸ்டியரிங்கைக் கனமாக்கும். பார்வைக்கு அழகென்று அகல டயர் போட்டுவிட்டுத் தோள்வலிக்கு மருந்து தேடுவோரை நாம் கண்டிருக்கின்றோம்.

இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். சிலருக்கு அதுவே போதும். போதாதவர்கள் மட்டும் மேலே செல்லலாம்.

இதில் இன்னொரு காரணமும் இருக்கின்றது. தேய்ந்த கிங்பின்னையும் தளர்ந்த டை ராடையும் மாற்றாமல் பவர் ஸ்டியரிங்கை மாட்டினால், ஓட்டுநர் கைக்கு வண்டியின் குற்றம் தெரியாமல் போய்விடும். முன்பு கனமாகி எச்சரித்த உறுப்பு, இப்போது எண்ணெயின் பலத்தில் மறைந்து நின்று, ஒருநாள் சொல்லாமல் முறியும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. அச்சாணியைப் பார்க்காமல் தேருக்கு வடம் சேர்ப்பது அறிவுடைமை ஆகாது.

நாம் நேரில் கண்ட ஒரு வண்டி

நம் பகுதியில் இரண்டு குடும்பத்தார் கூட்டாக ஒரு பிக்கப் வைத்திருந்தனர். ஒருவர் தறி வைத்திருப்பவர்; மற்றவர் தோட்டப் பயிர் செய்பவர். ஓட்டுநர் ஐம்பதைக் கடந்தவர்; இருபது ஆண்டுகளாக அதே குடும்பங்களுக்கு உழைப்பவர். வலத்தோளில் வலி வந்து, நூல் கிடங்குச் சந்தில் வண்டியைப் பின்னோக்கித் திருப்ப முடியாமல் போனது. இளைஞர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்றார் ஒரு பங்காளி. வண்டியையே விற்றுவிடலாம் என்றார் மற்றவர். எதுவாயினும் அந்த ஓட்டுநருக்குப் பிழைப்புப் போகும். முடிவில் பவர் ஸ்டியரிங் பொருத்துவதென்று ஒப்பினர்.

முதலில் வேலை செய்த பட்டறைக்காரர் விரைவில் முடித்தார், மலிவாகவும் முடித்தார். கிங்பின்னைப் பார்க்கவில்லை. வேறொரு வண்டியின் டிராப் ஆர்மை நெருப்பில் காய்ச்சி வளைத்து மாட்டினார். பம்பிலிருந்து வரும் அழுத்தக் குழாய்க்குச் சாதாரண ரப்பர் ஹோஸை வைத்துக் கிளிப்பால் இறுக்கினார். பத்து நாட்கள் எல்லோரும் மகிழ்ந்தனர். ஓட்டுநர் மட்டும், "கைக்கு இலகுவாக இருக்கின்றது ஐயா, ஆனால் பள்ளத்தில் இறங்கினால் வண்டி தானாகத் திரும்பப் பார்க்கின்றது" என்றார். அதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

பதினோராம் நாள் விடியற்காலையில், காய்கறிப் பாரத்துடன் சென்னை நெடுஞ்சாலையில் செல்லும்போது கனகம்மாசத்திரத்தை அடுத்து அந்த ஹோஸ் கழன்றது. எண்ணெய் முழுதும் சிந்தியது. ஸ்டியரிங் முன்னிருந்ததைவிடப் பன்மடங்கு கனமாயிற்று. சாலை நேராக இருந்ததாலும், ஓட்டுநர் பழம்பெரும் அனுபவசாலி ஆனதாலும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். அதே நிகழ்ச்சி மலைப்பாதை வளைவில் நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுத மனம் வரவில்லை.

பின்னர் வேறொரு மேஸ்திரியிடம் வண்டி சென்றது. அவர் முதல் நாள் எதையும் மாட்டவில்லை. கழற்றிப் பார்ப்பதிலேயே அந்நாளைச் செலவிட்டார். அவர் செய்த வேலையை உடனிருந்து பார்த்தோம். அங்கத்தினர் அறிய வேண்டிய பாடம் அதிலேயே அடங்கியிருப்பதால் முறையாகக் கூறுகின்றோம்.

பொருத்தும் முறை

முதலாவது, உறுப்புக்களைத் தெரிந்தெடுத்தல். உங்கள் வண்டியைச் செய்த கம்பெனியே அதே வரிசையில் பின்னர் வெளியிட்ட பவர் ஸ்டியரிங் மாதிரி இருந்தால், அதன் உறுப்புக்களையே நாடுங்கள். பெட்டி, பம்ப், பம்பைத் தாங்கும் பிராக்கெட், கப்பி, எண்ணெய்க் கிண்ணம், அழுத்தக் குழாய், திரும்பு குழாய், டிராப் ஆர்ம் ஆகியவை ஒரே மாதிரியைச் சேர்ந்த தொகுதியாக இருத்தல் வேண்டும். ஒரு வண்டியின் பம்பையும் மற்றொரு வண்டியின் பெட்டியையும் சேர்த்தால், பம்ப் தரும் எண்ணெயின் அளவு பெட்டிக்கு ஒவ்வாமல் போகலாம். உதவி குறையும் அல்லது சூடு மிகும். பழைய இரும்புக் கடையில் வாங்கிய பெட்டியாயின், சீல்கள் அனைத்தையும் புதிதாக மாற்றிய பிறகே பொருத்துங்கள்.

இரண்டாவது, சேஸிஸை உறுதி செய்தல். பெட்டி இருக்கும் இடத்தில் துருவோ விரிசலோ இருந்தால் முதலில் அதற்குத் தடித்த தகடு கொடுத்துச் சீர்செய்ய வேண்டும். சேஸிஸ் சட்டம் உள்ளே குழிவானது. அதன் ஊடே போல்ட்டை முறுக்கினால் சட்டம் நசுங்கும். நசுங்கிய இடத்தில் போல்ட் தளரும். ஆகையால் துளைக்குள் இரும்புக் குழல் ஒன்றைச் செருகி, அதனூடே போல்ட்டைச் செலுத்துவது முறை. போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்ற எண் பொறித்திருக்க வேண்டும். கடையில் எடைக்கு விற்கும் சாதாரணப் போல்ட்டு இங்கே உதவாது.

மூன்றாவது, டிராக் லிங்கின் சாய்வு. முன் அச்சுக்குக் கமான் பட்டை உள்ள வண்டிகளில், பள்ளம் மேட்டில் அச்சு ஏறி இறங்கும். டிராக் லிங்க் பழைய வண்டியில் இருந்த சாய்விலேயே புதியதிலும் இருந்தால் அந்த ஏற்ற இறக்கம் ஸ்டியரிங்கைத் தொடாது. பெட்டி சற்று மேலோ கீழோ முன்னோ பின்னோ அமைந்துவிட்டால், பள்ளத்தில் இறங்கும்போது லிங்க் தானாகச் சக்கரத்தை இழுக்கும். நாம் கூறிய ஓட்டுநர் உணர்ந்தது இதனையே. கழற்றுமுன் பழைய நிலையை அளந்து குறித்துக்கொள்ளுதல் இதற்காகவே.

நான்காவது, நெருப்பு ஆகாது. டிராப் ஆர்ம், டிராக் லிங்க், டை ராட், ஸ்டியரிங் தண்டு ஆகியவற்றைக் காய்ச்சி வளைப்பதும், வெட்டி வெல்டிங் செய்வதும் கூடவே கூடாது. பதம் கொடுத்துச் செய்த இரும்பு அவை. காய்ச்சினால் பதம் போய்விடும். வெளியே கண்ணுக்குத் தெரியாது. முறியும் நாளில்தான் தெரியும். நீளம் பொருந்தவில்லையாயின் பொருந்தும் உறுப்பைத் தேட வேண்டுமேயன்றி, இருப்பதைப் பொருத்தப் பார்க்கலாகாது.

ஐந்தாவது, நடுநிலை பார்த்தல். டிராக் லிங்கை மாட்டுமுன் பெட்டியின் தண்டை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பி எண்ணிக்கொள்ளுங்கள். அதில் சரிபாதியே பெட்டியின் நடுநிலை. அந்நிலையில் முன்சக்கரங்கள் நேராக நிற்கும்படி லிங்கின் நீளத்தை அமைக்க வேண்டும். சக்கரம் முழுதும் திரும்பும் இடத்தில் அச்சில் உள்ள தடைத் திருகே அதனை நிறுத்த வேண்டும். அந்த வேலையைப் பெட்டியின் உள்ளுறுப்புக்கள் மேல் சுமத்தலாகாது.

ஆறாவது, பம்பும் குழாய்களும். பம்பின் கப்பியும் எஞ்சின் கப்பியும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இல்லையேல் பெல்ட் தேய்ந்து அறும். எண்ணெய்க் கிண்ணம் பம்புக்கு மேலே இருத்தல் நலம். அழுத்தக் குழாய் அதற்கென்றே செய்யப்பட்டதாய், முனைகள் எந்திரத்தால் அழுத்தப் பெற்றதாய் இருக்க வேண்டும். கிளிப் போடுவது எண்ணெய் திரும்பும் குழாய்க்கு மட்டுமே. எந்தக் குழாயும் சைலன்ஸர் குழாயையோ பெல்ட்டையோ தொடலாகாது.

ஏழாவது, எண்ணெய். பெட்டி செய்த கம்பெனி எந்த எண்ணெயைக் குறிக்கின்றதோ அதுவே ஊற்ற வேண்டும். பிரேக் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெடும். முன்சக்கரங்களை உயர்த்தி வைத்து, எஞ்சினை இயக்காமலே ஸ்டியரிங்கை இருபுறமும் பத்துப் பதினைந்து முறை மெதுவாகத் திருப்பி, குறையும் எண்ணெயை நிரப்பிக்கொண்டே வரவேண்டும். உள்ளே இருக்கும் காற்று இவ்வாறு வெளியேறும். பிறகு எஞ்சினைத் தணிந்த வேகத்தில் இயக்கி மீண்டும் திருப்ப வேண்டும். கிண்ணத்தில் நுரை அடங்கி எண்ணெய் தெளிந்தால் காற்று நீங்கியது என்று பொருள். கடைசியாக சக்கரங்களின் நேர்மையைக் கருவியில் சோதிக்க வேண்டும்.

மின்சார முறை

இக்காலத்துச் சிறு கார்களில் எண்ணெய்க்குப் பதிலாக மின் மோட்டார் ஒன்று ஸ்டியரிங் தண்டைத் திருப்ப உதவுகின்றது. 1988-இல் ஜப்பானில் சுசூகி கம்பெனியார் செர்வோ என்னும் சிறு காரில் இதனை அமைத்தனர். பழைய காரிலிருந்து கழற்றிய இவ்வகைத் தண்டைச் சிலர் பிக்கப்பில் பொருத்தித் தருகின்றனர். பெல்ட்டும் எண்ணெயும் வேண்டாமை இதன் நன்மை. ஆனால் சிறு காரின் முன்பாரத்துக்கு அளந்து செய்த மோட்டார், பாரம் சுமக்கும் பிக்கப்பின் முன் அச்சுக்குப் போதும் என்று சொல்ல இயலாது. பழைய வண்டியின் பாட்டரியும் மின் உற்பத்தியும் அந்த மின்சாரத்தைத் தாங்குமா என்பதும் கேள்வி. எல்லாவற்றுக்கும் மேலாக, தண்டை வெட்டி வெல்டிங் செய்யாமல் அதனைப் பொருத்துவது அரிது. ஆகவே பாரவண்டிக்கு எண்ணெய் முறையே தக்கது என்பது நம் கருத்து.

சட்டம் கூறுவது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், உற்பத்தி செய்த கம்பெனி முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாகும்படி வண்டியைத் திருத்தலாகாது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இப்பிரிவைக் கண்டிப்புடன் விளக்கித் தீர்ப்பளித்தது. எனவே வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுத் தெளிதல் அவசியம். கம்பெனியின் சொந்த உறுப்புக்களைக் கொண்டு செய்வதாகக் குறிப்பிட்டு, உறுப்புக்களின் பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தெரிவித்து, அவர்கள் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். சொல்லாமல் செய்த மாறுதல், விபத்து நேர்ந்த நாளில் இழப்பீட்டுக்கு இடையூறாகலாம். எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டியிருப்பதால், பில்களையும் கடிதங்களையும் ஒரு கோப்பில் வைத்திருத்தல் நன்று.

செலவும் பயனும்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பர். ஸ்டியரிங்குக்கு ஆகும் செலவை மட்டும் பாராமல், அவ்வண்டி இன்னும் எத்தனை மாதம் உழைக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். கணக்குக்காக எல்லாச் செலவும் சேர்ந்து 36,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வண்டி இன்னும் மூன்றாண்டு ஓடுமானால் மாதத்துக்கு 1,000 ரூபாய் விழுகின்றது. ஓராண்டே ஓடுமானால் மாதத்துக்கு 3,000 ரூபாய். முன்னது தாங்கத்தக்கது, பின்னது வீண். சேஸிஸ் துருவேறிய வண்டிக்கும், எஞ்சின் புகை கக்கும் வண்டிக்கும் இச்செலவு செய்ய வேண்டாம் என்றே கூறுவோம். பம்பைச் சுழற்ற எஞ்சின் சிறிது பலம் கொடுக்க வேண்டும். அதற்குரிய டீசல் செலவும் சிறிது உண்டு. ஆனால் கணக்கில் எழுத முடியாத வரவும் உண்டு. ஓட்டுநரின் உடல்நலமும், நெருக்கடியில் உரிய நேரத்தில் வண்டியைத் திருப்பும் வல்லமையும் அவ்வரவைச் சேர்ந்தவை.

பொருத்திய பின்னர்

வண்டி புதிதானதுபோல் ஓட்டுநரும் புதிதாகப் பழக வேண்டும். பழைய ஸ்டியரிங்கில் தோள்பலம் முழுதும் கொடுத்துத் திருப்பியவர், புதியதிலும் அவ்வாறே திருப்பினால் வண்டி வேண்டியதற்கு மேல் திரும்பும். திறந்த மைதானத்தில் வெறும் வண்டியிலும், பிறகு பாரத்துடனும் பழகிய பின்னரே நெடுஞ்சாலைக்கு வரவேண்டும். ஒருமுறையேனும் எஞ்சின் நின்ற நிலையில் ஸ்டியரிங் எவ்வளவு கனக்கும் என்பதைக் கையால் அறிந்துகொள்ள வேண்டும். பெல்ட் அறுந்தால் திகைக்காமல் இருக்க அது உதவும். இறக்கத்தில் எஞ்சினை அணைத்து வண்டியை உருட்டும் வழக்கம் எப்போதுமே தீது. பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் அது பெருந்தீது. முழுதும் திருப்பிய நிலையில் சில நொடிகளுக்கு மேல் ஸ்டியரிங்கைப் பிடித்து வைத்திருக்கலாகாது. எண்ணெய் போக வழியின்றிச் சூடேறும். வாரம் ஒருமுறை எண்ணெயின் அளவையும் பெல்ட்டையும் குழாய் முனைகளையும் பாருங்கள். கிங்பின்னுக்குக் கிரீஸ் அடிப்பதை முன்போலவே தவறாது செய்யுங்கள்.

முடிவுரை

1904-ஆம் ஆண்டில் நம் திருவள்ளூர்ப் பகுதியைச் சேர்ந்த திரூரில் கூட்டுறவு கடன் சங்கம் தோன்றியது. தனி ஒருவரால் தாங்க முடியாத கடன் பாரத்தைப் பலர் கூடித் தாங்கலாம் என்பதே அதன் கருத்து. வண்டி விஷயத்திலும் அவ்வழியே நாம் செல்லலாம். பழைய பிக்கப் வைத்திருக்கும் அங்கத்தினர் ஐந்தாறு பேர் ஒன்று கூடினால், ஒரே மாதிரி உறுப்புக்களைச் சேர்த்து வாங்கலாம், விலையும் பேசலாம். வேலை தெரிந்த மேஸ்திரி ஒருவரை எல்லோருக்கும் பொதுவாக அமர்த்தலாம். முதல் வண்டியில் கண்ட குறை இரண்டாம் வண்டியில் வராமல் தடுக்கலாம். போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தையும் சேர்ந்தே எழுதலாம்.

நாம் குறிப்பிட்ட அந்த வண்டி இன்றும் ஓடுகின்றது. கிங்பின் புதிது, ஹோஸ் புதிது, டிராப் ஆர்ம் அந்த மாதிரிக்கே உரியது. பழைய ஓட்டுநரே ஓட்டுகின்றார். நூல் கிடங்குச் சந்தில் அவர் வண்டியைப் பின்னோக்கித் திருப்பும்போது ஒரு கையால் திருப்புவதைச் சென்ற வாரம் கண்டோம். இரண்டு கையாலும் பிடிக்கும்படி கேட்டுக்கொண்டோம். அவரும் சிரித்துக்கொண்டே அவ்வாறே செய்தார்.